மாளியேர வீட்டுக் கத்தி

செப்பூரண்ட மொன்னப்ப 1941ஆம் ஆண்டு எங்கள் மூலவீடான ஐன்மனையின் தெற்கு அறையில் பிறந்தார். தந்தை அய்யண்ண. தாய் பொன்னம்பேட்டைப் பக்கத்தவர். பதினெட்டு வயதில் இராணுவத்தில் சேர்ந்து, வண்டிகளையும் ஜெனரேட்டர்களையும் பழுதுபார்க்கும் பிரிவில் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராகத் திரும்பினார். கோணிகொப்பலில் சந்தைக்குப் பின்புறம் தகரக் கூரை போட்ட கடை ஒன்றை எடுத்து, காப்பித் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டுகளைச் சரிசெய்து கொடுத்தார். மனைவி தேச்சம்ம. மகள்கள் இருவர், இருவரும் மணமாகி வேறு ஒக்கங்களுக்குச் சென்றனர். மகன் இல்லை. எங்கள் குலமான செப்பூரண்ட ஒக்கத்தின் மற்றக் கிளைகள் தத்தம் தோட்டங்களிலும் மைசூரிலும் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டதால், ஐன்மனையில் தங்கி விளக்கேற்றும் பொறுப்பு அவருக்கும் தேச்சம்மவுக்கும் வந்தது. மது அளவோடு அருந்துவார். தேங்காயைத் துப்பாக்கியால் சுடும் போட்டியில் ஒருமுறையும் பரிசு பெற்றதில்லை. 1977 முதல் 2011 வரை பழைய பீச்சேக்கத்திகளைச் சேர்த்தார்.

கடைசியாகச் சொன்ன செய்தி இல்லையென்றால் அவரைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டியிருக்காது.

பீச்சேக்கத்தி இல்லாத கொடவ வீடு கிடையாது. குப்பியம் என்னும் கறுப்பு நீள அங்கி அணிந்து, இடுப்பில் செம்பட்டுச் சேலெ சுற்றி, அதில் முன்பக்கமாகச் செருகிக்கொள்ளும் குறுங்கத்தி அது. ஆனால் வீட்டில் ஒன்று வைத்திருப்பது வேறு. அடுத்தவர் வீட்டுக் கத்திகளைத் தேடிச் சேர்ப்பது வேறு. இரண்டாவதை எங்கள் பகுதியில் அதுவரை யாரும் செய்ததில்லை. ஒரு கத்தியை விற்க வந்தவர் கையில் பணமில்லை என்று பொருள். வாங்குபவர் அதை வெளியே சொல்லக் கூடாது என்றும் பொருள். மொன்னப்ப வெளியே சொல்லாதவர். அதனாலேயே அவரிடம் கத்திகள் வந்தன.

அவர் பார்க்கும் முறை எளியது. முதலில் அலகை உருவி, அது உறைக்குள் திரும்பிப் போகும் ஒலியைக் கேட்பார். பிற்காலத்தில் வேறு உறையில் திணிக்கப்பட்ட அலகு பாதி வழியில் முரண்டு பிடிக்கும். பிறகு உறையின் வெள்ளித் தகட்டில், உருவும்போது கட்டைவிரல் ஊன்றும் இடத்தைத் தடவுவார். பல தலைமுறைகள் அணிந்த கத்தியானால் அங்கே பூவேலை மழுங்கியிருக்கும். கடைசியாகத்தான் சங்கிலி. அதில் தொங்கும் முள்வாங்கி, குறும்பிவாங்கி, நகம் சுரண்டி ஆகியவற்றில் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் அவர் பொருட்படுத்துவதில்லை. எல்லாம் முழுமையாக இருந்தால்தான் சந்தேகப்படுவார்.

மைசூரிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் கடையில் ஒரு கத்தியை விரித்து வைத்து, "சார், இது முன்னூறு வருஷத்துச் சாமான்" என்றார்.

மொன்னப்ப சங்கிலியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கத்தி இருக்கும். சங்கிலி உங்க மூத்த பையனைவிடச் சின்னது."

"எனக்குக் கல்யாணமே ஆகல சார்."

"அதத்தான் சொல்றேன்."

வாங்கிய கத்திகளை அவர் துலக்க மாட்டார். வெள்ளி கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும் என்பார். தம் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி ஒன்றில், ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துண்டில் வைத்து அடுக்கியிருந்தார். தேச்சம்ம அந்த அலமாரியை "உங்க சின்ன வீடு" என்று அழைத்தார்.

1979ஆம் ஆண்டு ஆயுதங்களுக்குப் பூசை செய்யும் கைல்போதன்று நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். அன்று எங்கள் ஒக்கத்தின் துப்பாக்கிகளும் கத்திகளும் முன்னோரான காரணவர்களுக்கு விளக்கேற்றும் கன்னிக்கொம்பரை என்னும் அறையில் பலகைமேல் வைக்கப்பட்டு, செங்காந்தள் பூ சூட்டப்படும். அப்போதைய பட்டேதார, ஒக்கத்துக்கு மூத்தவரான கலய்ய, மொன்னப்பவை அழைத்துக் கேட்டார்.

"உன் அறையில எத்தனை வச்சிருக்க?"

"நாலு, பெரியப்பா. ஆனா அது நம்ம வீட்டுது இல்ல. நான் வாங்கினது."

"வாங்கினதுன்னா கூரைக்கு வெளியவா இருக்கு? இன்னிக்கு வீட்டுக்குள்ள ஒரு கத்தி இருட்டுல கிடக்கக் கூடாது. கொண்டா. பூ வை."

மொன்னப்ப நான்கையும் கொண்டுவந்து, தனியாக ஒரு சிவப்புத் துணி விரித்து வைத்தார். மறுவருடம் ஆறு. அதன்பின் ஆண்டுதோறும் அது வழக்கமாயிற்று. சில வருடங்கள் கழித்து அறையின் மூலையில் ஓடு ஒழுகத் தொடங்கியபோது, துணி விரிக்க இடமில்லாமல் அவருடைய கத்திகளும் ஒக்கத்தின் கத்திகளும் ஒரே பலகைக்கு வந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோருக்கும் கடம்புட்டும் பன்றிக்கறியும் காத்திருந்தன.

1986 மார்ச்சில் பூமழை வரவில்லை. காப்பிச் செடிகளில் மொட்டுகள் முற்றி நின்றன. தண்ணீர் தெளிக்காவிட்டால் அந்த வருட விளைச்சல் போய்விடும். மாளியேர ஒக்கத்தைச் சேர்ந்த சீயவ்வ அப்போதுதான் மொன்னப்பவின் கடைக்கு வந்தார். முந்தைய வருடம் கணவரை இழந்தவர். சிறிய தோட்டம், நான்கு வயது மகன், எரிந்துபோன மோட்டார். ஜீப்பிலிருந்து மோட்டாரை இறக்கச் சொல்லிவிட்டு, சேலெத் துணியில் சுற்றிய கத்தியை மேசைமேல் வைத்தார்.

"மொன்னப்பண்ணா, மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டிக் கொடுத்துடுங்க. மொட்டு கருகிக்கிட்டிருக்கு. காசு இல்ல. இது இருக்கு."

மொன்னப்ப உருவினார். திரும்ப உறைக்குள் விட்டார். உறையின் வெள்ளியைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு, "இந்த மாதிரிக் கத்திய யாரும் விக்க மாட்டாங்களே, சீயவ்வா" என்றார்.

"நான் விக்கறேன்னா சொன்னேன்? வச்சுக்கங்க. என் பூணச்சன் மாப்பிள்ளையா நிக்கிற அன்னிக்கு அவன் இடுப்புல இது இருக்கணும். அவங்கப்பா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னப்போ நான் தலையக் குனிஞ்சிருந்தேன். அவர் முகத்துக்கு முன்னாடி இந்தக் கத்தியத்தான் பார்த்தேன்."

"பையனுக்கு என்ன வயசு?"

"நாலு."

"அப்போ அவசரமில்ல."

"விளையாடாதீங்கண்ணா."

"விளையாடல. காயிலுக்கு அறுநூத்தி நாப்பது ஆகும். அதே அறுநூத்தி நாப்பதக் கொண்டாந்து என்னிக்கு வேணாலும் எடுத்துட்டுப் போங்க. ஒரு ரூபா கூட வேண்டாம்."

"வார்த்தையா?"

"வார்த்தைதான்."

தாளில் ஒன்றும் எழுதப்படவில்லை. மொன்னப்ப கடனாகவே மோட்டாரைச் சரிசெய்து கொடுத்திருக்கலாம். பலருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கத்தியைச் சில காலமாவது தம் அலமாரியில் வைத்திருக்க அவர் விரும்பினார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தேச்சம்மவிடம் அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார். அவர் சேர்த்தவற்றில் அதற்கு இணையானது முன்னும் பின்னும் வரவில்லை. உறையின் நுனியில் கிளி மூக்குப் போல வளைந்த வெள்ளி வேலை, பிடியில் தந்தம், சங்கிலி நான்கு இழைகளாகப் பின்னியது.

சீயவ்வ அதை முன்பே மீட்டிருக்க முடியும். 1994இல் காப்பி விலை ஏறி எல்லோர் கையிலும் பணம் புரண்டது. ஆனால் கத்தி வீட்டில் இருந்தால் கணவரின் சகோதரர்கள் தங்களுக்கென்று கேட்பார்கள். மொன்னப்பவின் அலமாரியில் இருந்தால் யாரும் கேட்க முடியாது என்று அவர் கணக்கிட்டார். சந்தையில் பார்க்கும்போதெல்லாம் "நல்லா இருக்கா?" என்று கேட்பார். கேட்பது தேச்சம்மவையா கத்தியையா என்று மொன்னப்பவுக்குத் தெரியும். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்பார்.

2011ஆம் ஆண்டு பூணச்சனுக்குப் பெண் முடிவாயிற்று. பிப்ரவரியில் சீயவ்வ அழைப்பிதழும் பணமும் கொண்டு ஐன்மனைக்கு வந்தார். அப்போது ஐன்மனையைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டவர் மொன்னப்பவின் சிற்றப்பா மகனான உத்தய்ய, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கூடத்துச் சுவரில் கண்ணாடிப் பேழை அமைத்து, ஒக்கத்தின் ஆயுதங்கள் அனைத்தையும் அதில் வைப்பது அவருடைய திட்டம். வந்த காரியத்தைச் சீயவ்வ சொன்னதும், தச்சரோடு பேசிக்கொண்டிருந்த உத்தய்ய அருகே வந்தார்.

"உக்காருங்கக்கா. காப்பி குடிங்க. கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வர்றோம். கத்திய மட்டும் கேக்காதீங்க."

"நான் உங்ககிட்டக் கேக்கலியே தம்பி. கொடுத்து வச்சவர்கிட்டக் கேக்கறேன்."

"அவர்கிட்ட இருந்தாத்தானே கொடுப்பாரு? இருபத்தஞ்சு கைல்போதுக்கு எங்க விளக்குக்கு முன்னால இருந்த கத்தி அது. காரணவர் பார்த்தாச்சு, பூ வச்சாச்சு. இனிமே அது ஒக்கத்துது."

சீயவ்வ மொன்னப்பவைப் பார்த்தார். மொன்னப்ப தம்பியைப் பார்த்தார். "உத்தய்யா, இது என் வார்த்தை" என்றார்.

"உங்க வார்த்தை உங்க அலமாரிக்குள்ள இருந்திருக்கணும்ணா. விளக்குக்கு முன்னாடி கொண்டுபோனது யாரு?"

சீயவ்வ காப்பி குடிக்காமல் எழுந்தார். போகும்போது, "ஏப்ரல் பதினேழு. பத்திரிகையில இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் ஒக்கத்தில் இதற்கு எழுதிய விதி கிடையாது. விளக்கின் முன் வைத்ததை வெளியே கொடுக்கலாகாது என்று பலர் நினைத்தனர். அப்படி யாரும் கேட்டதில்லை என்பதால் நினைப்பு சோதிக்கப்படவில்லை. உத்தய்யவின் கவலையும் இதற்குக் கீழே வேறாக இருந்தது. மொன்னப்பவுக்குப் பின் அந்த அலமாரி மகள்கள் வழியே இரண்டு அயல் ஒக்கங்களுக்குப் போய்விடும். தமக்காக ஒரு கத்தியையும் அவர் கேட்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்னிக்கொம்பரைக்கு முன்னுள்ள கூடத்தில் ஒக்கம் கூடியது. பட்டேதார குட்டய்யவுக்கு அப்போது எண்பத்துநான்கு வயது, காது மந்தம், தமக்கு வேண்டியது கேட்கும். உத்தய்ய எழுந்து முதலில் பேசினார். முடிக்கும்போது, "விளக்குக்கு முன்னால வச்சது காரணவருக்கு வச்சது. அதுல உங்களுது எங்களுதுன்னு கிடையாது" என்றார்.

மைசூர்க் கிளையைச் சேர்ந்த சோமய்ய கையை உயர்த்தினார். "எனக்கொரு சந்தேகம். போன வருஷம் மழைக்கு என் ஸ்கூட்டரை மூணு நாள் உள்ள நிறுத்தினேன். அதுவும் காரணவருக்குப் போயிடுச்சா? இன்ஷூரன்ஸ் யார் கட்டறது?"

"ஸ்கூட்டருக்கு யாரும் பூ வைக்கல."

"நான் வச்சேன். கைல்போதன்னிக்குத்தான். கண்ணாடியில செருகினேன், நீங்ககூட நல்லாருக்குன்னீங்க."

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. உத்தய்யவும் சிரித்துவிட்டு, "ஸ்கூட்டர் காரணவருக்கு ஓட்டத் தெரியாது" என்றார்.

"கத்தி மட்டும்? அங்க யார் வயித்தக் கிழிக்கப் போறாங்க?"

குட்டய்ய கைத்தடியால் தரையைத் தட்டினார். "போதும். மொன்னப்பா, நீ சொல்லு. அந்தக் கத்திய முதல்ல வச்சியே, என்ன சொல்லி வச்ச?"

"ஒண்ணும் சொல்லல, பெரியப்பா."

"ஒண்ணுமே?"

"பூ வச்சேன். கும்பிட்டேன்."

"அதான் தப்பு. 'இது ஒருத்தர் கொடுத்து வச்சது, என்னுது இல்ல, பார்த்துக்கங்க'ன்னு ஒரு வார்த்தை காரணவர்கிட்டச் சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. பேசாம வச்சா அவங்க என்னன்னு எடுத்துக்குவாங்க? நமக்குக் கொடுக்கறான்னுதான் எடுத்துக்குவாங்க. உசுரோட இருக்கறவனே அப்படித்தான் எடுத்துக்குவான்."

மொன்னப்ப மறுக்கவில்லை. "தப்புத்தான். ஆனா அந்தம்மா தப்பு இல்லையே. என் தப்புக்கு அவங்க பையன் வெறும் இடுப்போட நிக்கணுமா?"

"இரவலாக் கொடுப்போம்" என்றார் உத்தய்ய. "கல்யாணத்தன்னிக்குக் கட்டிக்கட்டும். மறுநாள் திருப்பிக் கொடுக்கட்டும். யார் வேண்டாம்னது?"

"அவங்கப்பா கத்திய அவனுக்கு நாம இரவல் கொடுக்கறதா? நீயே போய்ச் சொல்லு. நான் வாசல்ல நின்னு பாக்கறேன், அந்தம்மா எத எடுத்து வீசறாங்கன்னு."

குட்டய்ய விளக்கின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு சொன்னார்: "எடுத்துக்கலாம். ஆனா எடுத்த இடத்த வெறுமையா விடக் கூடாது. அதுக்குப் பதில் ஒண்ணு வை. இந்தத் தடவை சொல்லி வை."

உத்தய்ய ஏதோ சொல்ல வாயெடுத்தார். மொன்னப்ப அதற்குள் எழுந்து, மடியிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து விளக்கின் அடியில் வைத்தார்.

"மீதி முப்பத்தாறும்."

"ஒண்ணு போதும்னுதானேடா சொன்னேன்" என்றார் குட்டய்ய.

"ஒண்ணு வச்சா உங்களுக்குப் போதும் பெரியப்பா. உத்தய்யாவுக்குப் போதாது. மீதி என் பொண்ணுங்க வீட்டுக்குப் போயிடும்னு அவனுக்கு ஒரு வருஷமாத் தூக்கமில்ல. நாளைக்கு வேற ஒரு காரணம் கண்டுபிடிப்பான். அவன் தூங்கட்டும்."

"நான் எனக்காகவாண்ணா கேட்டேன்?" என்றார் உத்தய்ய. குரல் தாழ்ந்திருந்தது.

"இல்ல. உனக்காகக் கேட்டிருந்தா ஒண்ணுகூடக் கொடுத்திருக்க மாட்டேன்."

சமையலறை வாசலில் நின்ற தேச்சம்ம, "அலமாரி தேக்கு. அது விளக்குக்கு முன்னால வந்ததே இல்ல, அது என்னுது" என்றார். "முப்பது வருஷமா என் புடவையெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள்ள கிடக்கு."

மாளியேர கத்தியைக் குட்டய்ய சொன்னபடி மொன்னப்ப தம் கையாலேயே எடுத்தார். எடுக்கும்போது பேச வேண்டிய வார்த்தைகளை இம்முறை பேசினார். மற்ற முப்பத்தாறும் அன்று மாலைக்குள் கூடத்துக்கு வந்தன. தச்சர் பேழையை இரண்டடி நீட்டிச் செய்ய வேண்டியிருந்தது.

மொன்னப்ப ஆளனுப்ப, மறுநாள் சீயவ்வ வந்தார். அறுநூற்று நாற்பது ரூபாயை எண்ணி வைத்தார். அந்தக் கத்தியின் வெள்ளி மட்டுமே அப்போது அதைப்போல் பல மடங்கு பெறும். மொன்னப்ப பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாங்காமல் விட்டிருந்தால் கத்தி அவர் கொடுத்த பரிசாகிவிடும். சீயவ்வ பரிசு கேட்டு வரவில்லை. ஒக்கக் கூட்டத்தில் நடந்ததைச் சீயவ்வவிடம் யாரும் சொல்லக் கூடாது என்று மொன்னப்ப கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் சீயவ்வவுக்கு யாரோ சொல்லிவிட்டார், யார் என்பது தெரியவில்லை. திருமணத்துக்கு முந்தைய வாரம் மாளியேர வீட்டிலிருந்து ஐன்மனைக்கு ஒரு பன்றித்தொடையும் கறியில் புளிப்புக்கு ஊற்றும் கச்சம்புளி ஒரு குடுவையும் வந்தன. கூடவே எந்தச் செய்தியும் வரவில்லை.

மூத்த மகள் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"அப்பா, எனக்கு ஒரு கத்தி தர்றேன்னு சொல்லியிருந்தீங்களே?"

"சொல்லல. நீயா நினைச்சுக்கிட்ட."

"நினைக்கிற மாதிரி நடந்துக்கிட்டீங்க."

"அது வேற" என்றார் மொன்னப்ப. மகள் ஓராண்டு கைல்போதுக்கு வரவில்லை. மறுவருடம் வந்தார்.

ஏப்ரல் பதினேழாம் தேதி பூணச்சன் வெள்ளைக் குப்பியம் அணிந்து, தந்தையின் கத்தியைச் செருகி, வழக்கப்படி வழியில் நட்ட வாழைத்தண்டுகளை வெட்டி மணப்பந்தலுக்கு வந்தான். கத்தி பளபளவென்று இருந்தது. சீயவ்வ அதை விராஜ்பேட்டையில் வெள்ளி வேலைக்காரரிடம் கொடுத்து மெருகேற்றியிருந்தார். கட்டைவிரல் ஊன்றும் இடத்தில் மழுங்கியிருந்த பூவேலையும் புதிதாகச் செதுக்கப்பட்டிருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் சீயவ்வ வந்து, "எப்படி இருக்குண்ணா?" என்று கேட்டார்.

மொன்னப்ப இலையிலிருந்து தலை நிமிர்ந்து, "மாப்பிள்ளைக்கு ஏத்த மாதிரி இருக்கு" என்றார்.

அதன்பின் அவர் கத்தி எதையும் வாங்கவில்லை. விற்க வந்தவர்கள் தொடர்ந்து வந்தனர். உருவிப் பார்ப்பார், உறைக்குள் விட்டுக் கேட்பார், தமக்குத் தெரிந்ததைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். பணமாகவே கடன் கேட்டவர்களுக்குச் சில சமயம் கொடுத்தார். கடையை 2015இல் மூடினார். ஐன்மனைப் பேழையின் மேல் உத்தய்ய வைத்த பலகையில் 'செப்பூரண்ட ஒக்கத்தின் பழைய கத்திகள்' என்று எழுதியிருந்தது. அவற்றில் உண்மையில் ஒக்கத்தினுடையவை மூன்று என்று மொன்னப்ப ஒருமுறை அவரிடம் சொன்னார். பலகை மாற்றப்படவில்லை, மொன்னப்ப மீண்டும் சொல்லவும் இல்லை. தேக்கு அலமாரியில் தேச்சம்மவின் புடவைகள் இருக்கின்றன.

செப்பூரண்ட மொன்னப்ப 2020 ஜனவரியில் காலமானார். கத்தி சேர்த்தது முப்பத்துநான்கு ஆண்டுகள். கொடுத்தபின் வாழ்ந்தது ஒன்பது.